ராஜபாண்டி திரித்த முப்பது அடி

ஒரு வியாழக்கிழமை காலை, மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவில், ராஜபாண்டி நைலான் கயிற்றைக் கைகழுவினான்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள பிளாஸ்டிக் கயிறு வரக் கூடாது. எனக்கு வேண்டிய கயித்த நானே திரிச்சுக்குவேன். செடியில இருந்து நாரு எடுத்து, இந்தக் கையால!"

அவன் மனைவி முனீஸ்வரி சட்னி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"இருபது வருசமா வாயால திரிச்சது பத்தாதா?" என்றாள்.

இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை ராஜபாண்டி. அசருவான், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டான். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் அவனுக்கு லேப் அசிஸ்டென்ட் வேலை. உடம்பு எழுபத்து நாலு கிலோ. போன வருடத்திலிருந்து 'வெட்டவெளி நண்பர்கள்' என்ற குழுவில் உறுப்பினர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்மலை அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் கூடுவார்கள். தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவார்கள். இலையைப் போட்டுக் குடிசை கட்டி, அது விழுவதற்குள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இதற்கு புஷ்கிராஃப்ட் என்று பெயர். முனீஸ்வரி அதற்கு வேறு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

குழுவுக்குத் தலைவர் பீமாராவ். பட்டாளத்திலிருந்து வந்தவர். அவரிடம் இரண்டே அணிதான். ஒன்று காட்டு அணி, இன்னொன்று சமையல் அணி. மூன்று முகாமாக ராஜபாண்டி சமையல் அணியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வெங்காயத்தால் மட்டும் வந்ததல்ல.

அடுத்த முகாமுக்கு பீமாராவ் ஒரு சட்டம் போட்டுவிட்டார். ஒவ்வொருவரும் செடி நாரில் திரித்த இருபது அடிக் கயிறு கொண்டுவர வேண்டும். மாமரக் கிளையில் கட்டி அதில் தொங்க வேண்டும். தாங்கினால் காட்டு அணி. இருப்பதிலேயே நல்ல கயிறு எவனுடையதோ அவன்தான் கேப்டன், கழுத்தில் விசில் உண்டு. அறுந்தால் வெங்காயம். முகாமுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. அந்த விசில் இப்போதே ராஜபாண்டியின் காதுக்குள் ஊத ஆரம்பித்துவிட்டது.

"அந்த ஞாயித்துக்கெழமையா?" என்றாள் முனீஸ்வரி, விஷயத்தைக் கேட்டதும். "அன்னைக்குப் பரண் ஒழிக்கணும்னு போன மாசமே சொன்னேன்ல?"

"பரண் எங்கிட்டு ஓடிரப் போகுது? அடுத்த வாரம் பாத்துக்குவோம்."

"இப்படித்தான் கொடிக்கும் சொன்னீங்க."

கொடி என்றதும் ராஜபாண்டி அவசரமாக எழுந்து கைகழுவப் போனான்.

அந்தக் கொடியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மொட்டை மாடியில் இரண்டு இரும்புக் கம்பங்கள் உண்டு. போன ஆடியில் முனீஸ்வரியே ஸ்டூல் போட்டு ஏறி, துணி காயப்போட ஒரு கயிறு கட்டினாள். ராஜபாண்டி வந்து பார்த்தான். "இது ஒரு முடிச்சா?" என்றான். முறையான முடிச்சு எப்படிப் போடுவது என்று காட்டுவதற்காக இரண்டு பக்கமும் அவிழ்த்தான். அந்த நேரம் போன் வந்தது. பேசிக்கொண்டே கீழே இறங்கினான். எட்டு மாதம் ஆயிற்று.

அவிழ்த்தவர்தான் கட்ட வேண்டும் என்று முனீஸ்வரி அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதன் பிறகு அந்தக் கம்பத்தை அவள் தொடவில்லை. ஈரத்துணி கைப்பிடிச் சுவரிலும் நாற்காலியிலும் கிடந்து காய்ந்தது. காற்றடித்தால் பக்கத்து வீட்டு ராக்கம்மாளின் முருங்கை மரத்தில் போய்க் காய்ந்தது. "வெயிலுக்கு மாடியில ஒண்ணு, மழைக்கு போர்டிகோவுல ஒண்ணு. ரெண்டே ரெண்டு கொடி. நான் என்ன தங்கத்துலயா கேட்டேன்?" என்று வாரத்துக்கு நான்கு தடவை கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வாரத்துக்கு நான்கு தடவை சொல்வான்.

முதலில் கற்றாழை. ரயில் தண்டவாளத்து ஓரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிற முரட்டுக் கற்றாழை. எட்டு மடலை அறுத்து ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு வந்தான். வருகிற வழியிலேயே அதன் முள் சீட்டைக் கிழித்தது. பிறகு சீட்டைத் தாண்டியும் வேலை செய்தது. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் மடலைக் கட்டையால் நாலு தட்டுத் தட்டி, நாரை வழித்து, வெறும் தொடையில் வைத்து உருட்டியதும் கயிறு வந்துவிட்டது. மொத்தம் இரண்டு நிமிடம். ராஜபாண்டி மாடியில் உட்கார்ந்து லுங்கியை மடித்துக் கட்டினான். தட்டினான், வழித்தான், தொடையில் வைத்து உருட்டினான்.

கயிறு வரவில்லை. அரிப்பு வந்தது.

கையில் வந்த அரிப்பு தொடைக்குப் போயிற்று. தொடையைச் சொறிந்த கையால் கழுத்தைச் சொறிந்தான். கழுத்துக்கும் வந்தது. பிறகு எங்கெங்கே வந்தது என்பது கேட்கத் தகுந்த கேள்வி அல்ல. ராஜபாண்டி மாடி முழுக்கக் குதித்தான்.

பக்கத்து மாடியிலிருந்து ராக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏ முனீஸ்வரி! தம்பிக்கு என்ன, சாமி வந்துருச்சா?"

"இல்ல மதினி," என்றது கீழேயிருந்து குரல். "கயிறு திரிக்கிறாரு."

சாயங்காலம் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் முனீஸ்வரி.

"கத்தாழையப் பச்சையா அடிச்சா அரிக்கத்தான் செய்யும். தண்ணியில ஊறப்போட்டு, சதை அழுகின பெறகு அலசி எடுத்தா நாரு தன்னால வரும். எங்க கொட்டாம்பட்டியில சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாடி?"

"நீங்க கேட்டீங்களா?"

ராஜபாண்டிக்கு எண்ணெய் பட்ட இடமெல்லாம் ஆறியது. மனசு மட்டும் எரிந்தது.

"பாரு முனீசு. கத்தாழை இல்லாட்டி இன்னொண்ணு. முகாமுக்குள்ள ஒரு கயிறு திரிக்கிறேன். நீ அசந்து போற மாதிரி ஒரு கயிறு. பந்தயமா?"

"பந்தயம்," என்றாள் அவள். இவ்வளவு சீக்கிரம் சரி என்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "கயிறு தாங்கிருச்சுன்னா நீங்க முகாமுக்குப் போங்க. பரண நானே ஒழிச்சுக்குறேன். அது மட்டுமில்ல. கொடி கட்டுங்கன்னு இந்த ஜென்மத்துல உங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டேன்."

ராஜபாண்டிக்கு அரிப்பு மறந்துபோயிற்று. "சத்தியமா?"

"மீனாச்சி சத்தியமா. ஆனா அறுந்துச்சுன்னா முகாம் கெடையாது, பரண் உங்களுது. முகாமுக்கு நீங்க கெளம்புற நிமிசம் வரைக்கும் கயிறு முழுசா இருக்கணும். நடுவுல எப்படி அறுந்தாலும் அறுந்ததுதான்."

"சரி. ஒரு கல்லு மூட்டையத் தொங்கவிட்டுப் பாரு!"

"மாடிக்குக் கல்லு மூட்டைய யாரு தூக்குறது? ஈரத்துணியப் போட்டாப் போச்சு. ஜமுக்காளம் தண்ணி குடிச்சா கல்லு மாதிரிதான். அந்த ரெண்டு கம்பத்துலயும் கட்டுவோம். நானே கட்டவா?"

"நீயா?" ராஜபாண்டி சிரித்தான். "ஒன் முடிச்சு நிக்காது. நான்தான் கட்டுவேன்."

"சரிங்க," என்றாள் முனீஸ்வரி, ரொம்பப் பணிவாக.

மறுநாள் சாயங்காலம் அடுக்களை வாசலில் நின்றபோதுதான் ராஜபாண்டிக்கு அந்த யோசனை பளிச்சிட்டது. முனீஸ்வரி தினமும் உதிரி மல்லி வாங்கி அவள் கையாலேயே கட்டுவாள். கட்டுவதற்கு வாழைநார். அந்த நார் ஒரு கட்டாக ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. முள் இல்லை, அரிப்பு இல்லை. செடி நார்தான், சட்டப்படி சரி. அவளைக் கேட்டால் மானம் போகும். ஆகவே கேட்கவில்லை. ஒரு பிடி உருவி மடியில் செருகிக்கொண்டான்.

விடிந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து திரித்தான். காய்ந்த நார் படக் படக்கென்று ஒடிந்தது. ஒரு சாண்கூடத் தேறவில்லை.

அதற்கு மறுநாள் பார்த்தால் நார்க்கட்டு ஜன்னலில் இல்லை. ஒரு எவர்சில்வர் பேசினில், ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தது. தொட்டால் பட்டு மாதிரி வளைந்தது. கட்டும் பெரிதாக இருந்தது.

"இந்தப் பூக்காரியப் பாருங்க," என்றாள் முனீஸ்வரி, யாருக்கோ சொல்வதுபோல. "கேக்காமயே நாரு அம்புட்டையும் தலையில கட்டுறா. ஈரத்துலயாச்சும் கெடக்கட்டும்னு போட்டு வச்சேன்."

தன் அதிர்ஷ்டத்தை நினைத்து ராஜபாண்டி உள்ளுக்குள் துள்ளினான். அன்றிலிருந்து தினம் இரண்டு பிடி. எடுக்க எடுக்க பேசினில் நார் கூடிக்கொண்டே போனது. இவ்வளவு வசதி செய்து கொடுத்த வீட்டில் வேறு எவனும் திருடியிருக்க மாட்டான். ஆனாலும் அவன் கால் பெருவிரலில் நடந்து போய்த்தான் எடுத்தான்.

கயிறு வந்தது. உண்மையாகவே வந்தது. ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து இடப்பக்கம் புரட்ட வேண்டும். அப்போது ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். புரி மெலிகிற இடத்தில் புது நாரைச் செருக வேண்டும். அந்த வித்தை கைக்குப் பிடிபட்ட காலையில் அவன் குழாயை மூடிவிட்டு உரக்கப் பாடினான். ஒரு முழம் இரண்டு முழமாயிற்று. மூன்று புரி, சுண்டுவிரல் கனம். இழுத்தால் விண்ணென்று நின்றது. நாற்பத்தாறு வயதில் தன் கையால் ஒரு பொருள் உருவாவதைப் பார்த்து ராஜபாண்டிக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

இருபது அடியைத் தொட்ட அன்றைக்குப் பெருமை தாங்காமல் அவிழ்த்து விரித்துக் காட்டினான். முனீஸ்வரி கையில் எடுத்து, தடவி, இழுத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எம்புட்டு நீளம்?"

"இருபது அடி."

"அடடா. கம்பத்துக்குக் கம்பம் இருபத்தி நாலு அடி இருக்குமே. முடிச்சுக்கு வேற வேணும். எட்டாம போச்சுன்னா பந்தயம்..."

"முப்பதா ஆக்குறேன்!" என்றான் ராஜபாண்டி.

ஆக்கினான்.

முகாமுக்கு முந்தின சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை. ராஜபாண்டி ஸ்டூலில் ஏறினான். கயிற்றின் முனையை மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு தடவை உள்ளே விட்டு வெளியே எடுத்து, காலால் கம்பத்தை உதைத்துக்கொண்டு இழுத்தான். இரண்டு பக்கமும் அதே மாதிரி.

"இதுக்குப் பேரு ராஜ முடிச்சு," என்று ஸ்டூலில் நின்றபடியே அறிவித்தான். "நானே கண்டுபிடிச்சது. போட்டாப் போட்டதுதான். யாராலயும் அவுக்க முடியாது!"

"யாராலயும் முடியாதா?" என்று ஆர்வமாகக் கேட்டாள் முனீஸ்வரி.

"போட்டவனே வந்தாலும் முடியாது!"

துணிகள் வந்தன. எட்டு மாதத்துத் துணிகள். ஜமுக்காளம் இரண்டு, ஜன்னல் திரை அத்தனையும், போர்வை, மெத்தை உறை, அவனுடைய ஜீன்ஸ் மூன்று. எதையும் அவள் பிழியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ராக்கம்மாளும் தன் பங்குக்கு ஒரு கம்பளியை நனைத்துக் கொண்டுவந்து போட்டாள். கயிறு தொய்ந்தது. நடுவில் வயிறு வைத்தது. 'கிர்'ரென்று ஒரு சத்தம் கொடுத்தது. ராஜபாண்டி மூச்சை நிறுத்தினான். ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடக்கூட இறங்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணி, பன்னிரண்டு மணி. தண்ணீர் சொட்டி முடிந்தது. வெயில் ஏறி இறங்கியது.

நாலு மணிக்குக் கயிறு அப்படியே நின்றது.

"தோத்துட்டேங்க," என்றாள் முனீஸ்வரி.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் அவன் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னாள். ராக்கம்மாள் காதில் விழுகிற மாதிரி மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னான். அதையும் சொல்லிவிட்டு எலும்புக் குழம்பு வைக்கக் கீழே போனாள். ராஜபாண்டி மாடியில் கைகளை உயர்த்தி இரண்டு சுற்று வந்தான். காகங்கள் ஒதுங்கி வழிவிட்டன.

பிறகு, நாளைக்கு எடுத்துப் போக வேண்டுமே என்று கயிற்றை அவிழ்க்கப் போனான்.

ராஜ முடிச்சு அவிழவில்லை. ஈரத்தில் ஊதி, வெயிலில் இறுகி, முடிச்சு ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. நகத்தால் நெம்பினான். பல்லால் கடித்தான். ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து குத்தினான். ஸ்க்ரூடிரைவர்தான் வளைந்தது.

"என்னங்க, விடிஞ்சா கெளம்பணும், இன்னுமா அவுக்குறீங்க?" முனீஸ்வரி காய்ந்த துணியை எடுக்க வந்திருந்தாள்.

"வரமாட்டேங்குது. அந்த அருவாமனையக் கொண்டா. முடிச்சு கிட்டக்க அறுத்துக்குறேன். எனக்கு இருபது அடி போதும்."

"தாராளமா அறுங்க." அவள் ஜமுக்காளத்தை மடித்தாள். "ஆனா கெளம்புறதுக்குள்ள எப்படி அறுந்தாலும் அறுந்ததுதான்னு பேச்சு. பரண் சாவி மேசையில இருக்கு."

ராஜபாண்டி கயிற்றைப் பார்த்தான். கம்பத்தைப் பார்த்தான். மறுபடி கயிற்றைப் பார்த்தான். வீட்டிலேயே விட்டுப் போனால் வெங்காயம், அறுத்தால் பரண். விசில் சத்தம் காதுக்குள் தேய்ந்துகொண்டே போனது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். முகம் நிஜமாகவே சின்னப் பிள்ளை முகம்போல் ஆகிவிட்டது.

முனீஸ்வரிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு சுருளை எடுத்து நீட்டினாள்.

கயிறு. இருபது அடி. மூன்று புரி. பிசிறே இல்லாமல் பாம்பு மாதிரி வழவழப்பாக இருந்தது.

"மீந்த நாரு கெடந்துச்சு. நீங்க காலேஜுக்குப் போன நேரத்துல சும்மா திரிச்சேன்."

"ஒனக்குக் கயிறு திரிக்கத் தெரியுமா?"

"எங்கப்பா வீட்டுல ஒம்பது மாடுங்க. கயிறெல்லாம் யாரு திரிச்சான்னு நெனச்சீங்க?"

மாந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவருடைய கயிறு கட்டும்போதே அறுந்தது. இன்னொருவர் தொங்கி, 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணுவதற்குள் புல்லில் உட்கார்ந்திருந்தார். ராஜபாண்டி எழுபத்து நாலு கிலோவோடு தொங்கினான். ஆடினான். ஒற்றைக் கையை விட்டு எல்லாருக்கும் டாட்டா காட்டினான். பீமாராவ் தானும் தொங்கிப் பார்த்துவிட்டு, கயிற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, இது பழகுன கை. எத்தன நாள் வேல?"

"நாளா?" என்றான் ராஜபாண்டி. "அது ஒரு தவம்."

பத்து மணிக்கு அது முனீஸ்வரியின் கயிறாக இருந்தது. பதினோரு மணிக்கு 'எங்க கயிறு' ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு 'என் கயிறு'. அவன் கழுத்தில் விசிலை மாட்டினார்கள். கேப்டன் ராஜபாண்டி சமையல் அணியைப் பார்வையிடப் போனான். வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

பொழுது சாய வீடு திரும்பியபோது விசில் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. வாசலில் முனீஸ்வரி டீ டம்ளரோடு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாள்.

"ஏன் தம்பி, ஆளயே தாங்குன கயிறா இது?" என்றாள் ராக்கம்மாள். "நம்பவே முடியலயே. எப்படித்தான் கட்டுனீங்க?"

முனீஸ்வரி ஒரு வார்த்தை பேசவில்லை. டீயை மட்டும் ஆற்றினாள்.

"எப்படியா? இந்தா பாருங்கக்கா!" போர்டிகோவில் எதிரும் புதிருமாக இரண்டு கொக்கிகள், வீடு கட்டிய நாளிலிருந்து சும்மா இருந்தன. கேப்டன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். மூன்று சுற்று, உள்ளே, வெளியே. இந்தப் பக்கம் ஒரு ராஜ முடிச்சு. அந்தப் பக்கம் ஒரு ராஜ முடிச்சு. பேச்சு வேகத்தில் மேலுக்கு இன்னொரு முடிச்சும் போட்டான். எட்டிப் பிடித்துத் தொங்கி, காலை மடக்கி, விசிலை ஊதினான். ராக்கம்மாள் கைதட்டினாள். அன்றைக்கு ராஜபாண்டியைப்போல் நிம்மதியாகத் தூங்கியவன் ஒத்தக்கடையில் இருந்திருக்க மாட்டான்.

திங்கட்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்த ராஜபாண்டியின் முகத்தில் ஈரமாக ஏதோ அறைந்தது. தலையணை உறை. அதற்குப் பக்கத்தில் துண்டு, புடவை, லுங்கி. கொக்கிக்குக் கொக்கி, போர்டிகோ முழுக்க, சாரல் படாமல் வரிசையாகத் துணி. நடுவில் அவனுடைய முகாம் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்து எடுக்க மறந்த விசிலும் அதோடு சேர்ந்து தொங்கியது.

"ஏய் முனீசு!" என்று கத்தினான். "பந்தயம் என்ன ஆச்சு? கொடியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினல்ல?"

முனீஸ்வரி அடுத்த பக்கெட்டோடு வெளியே வந்தாள். அவனுடைய முடிச்சை ஒரு தரம் அசைத்துப் பார்த்துக்கொண்டாள். அது அசையவில்லை.

"தொறந்தேனா?" என்றாள்.